பல இமெயில் அக்கவுண்ட்கள்: அனைத்திற்கும் பேக் அப் எடுப்பது எப்படி?

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஆவண வேலைகளைச் செய்து தரும் நண்பர் ஒருவர் மூன்று இமெயில் அக்கவுண்ட்களை வைத்திருக்கிறார். ஒன்று தொழிலுக்கென வாங்கிய சொந்த டொமைனில் உள்ளது. இரண்டாவது ஜிமெயில். மூன்றாவது, அவர் பகுதி நேரமாகப் பணியாற்றும் நிறுவனம் தந்தது. மூன்றையும் தன் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் புரோகிராமில் இணைத்து, அதிலேயே படித்து வந்தார். ஒரு நாள் சொந்த டொமைன் அக்கவுண்டில் இடம் நிறைந்துவிட்டது என எச்சரிக்கை வந்தது. “எல்லா மெயிலும்தான் என் கம்ப்யூட்டரில் இருக்கிறதே” என்ற தைரியத்தில், பிரவுசர் வழியாக சர்வருக்குள் நுழைந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மெயில்கள் அனைத்தையும் அழித்தார். பின் தண்டர்பேர்டைத் திறந்தார். அவர் கண் முன்னாலேயே அந்த மெயில்கள் இன்பாக்ஸிலிருந்து மறைந்தன.

அவர் செய்த ஒரே நல்ல காரியம், உடனே நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, எனக்கு போன் செய்ததுதான். அந்த மெயில்களை எப்படி மீட்டோம் என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அவை ஏன் மறைந்தன என்பதைப் புரிந்து கொள்வோம். இது புரியாவிட்டால் எத்தனை பேக் அப் எடுத்தாலும் பயன் இல்லை.

பாப் 3, ஐமேப்: என்ன வேறுபாடு?

சர்வரில் உள்ள மெயிலை நம் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வர இரண்டு வழிகள் உண்டு. பாப் 3 என்பது பழைய வழி. தபால்காரர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவது போல, மெயில் நம் ஹார்ட் டிஸ்க்கிற்கு வந்துவிடும். அதற்குப் பின் சர்வருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. டயல் அப் காலத்தில், இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் காசு கொடுத்துக் கொண்டிருந்தபோது, இது நமக்கு வசதியாக இருந்தது.

ஐமேப் முறையில் மெயில் சர்வரில்தான் இருக்கிறது. நம் கம்ப்யூட்டரிலும் போனிலும் நாம் காண்பது அதன் நிழல். ஒரு மெயிலைப் படித்தால் எல்லா இடத்திலும் படித்ததாகக் காட்டும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். இன்று நாம் அமைக்கும் அக்கவுண்ட்கள் பெரும்பாலும் ஐமேப் முறையில்தான் அமைகின்றன. எனவே நண்பருக்கு நேர்ந்தது புரோகிராமின் தவறு அல்ல. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. சிங்க் ஆவது வேறு, பேக் அப் வேறு.

பாப் 3 பயன்படுத்துபவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. இந்த முறை இன்பாக்ஸை மட்டுமே கொண்டு வரும். போனிலிருந்தோ பிரவுசரிலிருந்தோ நீங்கள் அனுப்பிய மெயில்கள் சர்வரின் சென்ட் போல்டரிலேயே தங்கிவிடும். வியாபாரத் தகராறுகளில் நமக்கு வந்ததைவிட நாம் அனுப்பியதுதான் பல நேரங்களில் தேவைப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

தண்டர்பேர்டில் தொடங்குவோம்

பல இடத்து அக்கவுண்ட்களை ஒரே இடத்தில் சேர்க்க, இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்ட் போதும். 2004 டிசம்பரில் இதன் முதல் முழுப் பதிப்பு வெளியானது. இது மெயில்களை எம்பாக்ஸ் என்ற எளிய டெக்ஸ்ட் வடிவில் சேமிக்கிறது. ஒரு போல்டருக்கு ஒரு பைல். அதற்குள் மெயில்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து எழுத்துகளையாவது காணலாம். நான் இதைப் பரிந்துரைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

புரோகிராமை இன்ஸ்டால் செய்து, உங்கள் அக்கவுண்ட்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். ஜிமெயில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்களுக்கு, அந்நிறுவனத்தின் லாக் இன் பக்கமே ஒரு சிறிய விண்டோவில் திறக்கும். அதில் அனுமதி கொடுத்தால் போதும். வெறும் பாஸ்வேர்டை வைத்து மெயில் புரோகிராம்கள் நுழைவதை, தனி நபர் அக்கவுண்ட்களில் கூகுள் 2022 மே மாத இறுதியுடன் நிறுத்திவிட்டது. இந்த லாக் இன் முறை தெரியாத பழைய புரோகிராமை வைத்திருப்பவர்கள், கூகுள் அக்கவுண்டில் இரண்டு கட்டச் சோதனையை இயக்கி, 16 எழுத்துகள் கொண்ட ஆப் பாஸ்வேர்ட் ஒன்றைப் பெற்றுப் பயன்படுத்த வேண்டும். சொந்த டொமைன் அக்கவுண்ட் என்றால் சர்வர் பெயரை உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டுப் பெறவும். பாதுகாப்பான ஐமேப் இணைப்பிற்கான போர்ட் எண் 993.

அடுத்து, மெயில்கள் முழுமையாக இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அக்கவுண்டின் பெயர் மீது ரைட் கிளிக் செய்து செட்டிங்ஸ் தேர்ந்தெடுக்கவும். அங்கு சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் என்ற பிரிவில், எல்லா போல்டர்களின் மெயில்களையும் இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும்படியான வரியில் டிக் அடையாளம் இருக்க வேண்டும். அதன் கீழே, எத்தனை நாள் பழையதாக இருந்தாலும் அனைத்தையும் சிங்க் செய்யும் பிரிவு தேர்வாகி இருக்க வேண்டும். பலர் இடம் மிச்சப்படுத்த இங்கே 30 நாள் என்று வைத்துவிட்டுப் பின் மறந்துவிடுகிறார்கள்.

இனி ஆல்ட் கீயைத் தட்டினால் மெனு பார் கிடைக்கும். பைல் மெனுவில் ஆப்லைன், அதனுள் டவுண்லோட்/சிங்க் நவ் எனச் செல்லவும். பல ஜிபி மெயில் இருந்தால் இரவில் ஓடவிடுங்கள். நிறுவனங்களுக்கான கூகுள் ஒர்க்ஸ்பேஸ் அக்கவுண்ட்களில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பி அளவிற்கே இறக்க முடியும். அதைத் தாண்டினால் சர்வர் சிறிது நேரம் கதவை மூடிவிடும். பயப்பட வேண்டாம், மறுநாள் தொடரலாம்.

சில போல்டர்கள் தண்டர்பேர்டில் காட்டப்படாமல் இருக்கலாம். அக்கவுண்ட் பெயரில் ரைட் கிளிக் செய்து சப்ஸ்கிரைப் என்பதைத் திறந்து, விடுபட்ட போல்டர்களுக்கு டிக் அடிக்கவும்.

உண்மையான நகல்

இதுவரை நாம் செய்தது எல்லாம் நிழலை முழுமையாக்கியது மட்டுமே. இப்போதுதான் பேக் அப் தொடங்குகிறது.

இடது பக்கப் பட்டியலின் அடியில் லோக்கல் போல்டர்ஸ் என்று ஒன்று இருக்கும். இது எந்தச் சர்வருடனும் இணைந்தது அல்ல. இங்கு வைப்பது இங்கேயே இருக்கும். இதன் மீது ரைட் கிளிக் செய்து, அக்கவுண்டிற்கு ஒன்றாகப் போல்டர்களை உருவாக்கவும். ஒவ்வொன்றின் உள்ளும் ஆண்டு வாரியாக 2022, 2023, 2024 எனப் போல்டர்களை அமைக்கவும். ஆண்டு வாரியாகப் பிரிப்பதில் ஒரு பெரிய லாபம் உள்ளது. முடிந்த ஆண்டின் பைல் இனி மாறாது. அதை ஒரு முறை பத்திரப்படுத்தினால் போதும். ஒவ்வொரு மாதமும் நடப்பு ஆண்டை மட்டும் நகல் எடுக்கலாம்.

பின், இன்பாக்ஸைத் தேதி வாரியாக அடுக்கி, ஓர் ஆண்டின் முதல் மெயிலைக் கிளிக் செய்து, ஷிப்ட் கீயை அழுத்தியபடி கடைசி மெயிலைக் கிளிக் செய்யவும். ரைட் கிளிக் செய்து காப்பி டு தேர்ந்தெடுத்து, உரிய ஆண்டு போல்டரைக் காட்டவும். மூவ் டு என்பதைத் தொட வேண்டாம். மூவ் செய்தால் சர்வரில் உள்ளது போய்விடும். நகல் பாதியில் நின்றால் உங்கள் கதி என்ன? சென்ட் போல்டருக்கும் இதையே செய்திடவும். மிகப் பெரிய தொகுப்பு என்றால் சில ஆயிரம் மெயில்களாகப் பிரித்துச் செய்வது நல்லது.

ஜிமெயிலில் மட்டும் ஒரு குழப்பம் வரும். ஜிமெயிலில் போல்டர்கள் கிடையாது, லேபிள்கள்தான். ஒரே மெயிலுக்கு மூன்று லேபிள் தந்திருந்தால் அது தண்டர்பேர்டில் மூன்று போல்டர்களில் தெரியும். ஆல் மெயில் போல்டரில் நான்காவது முறையும் தெரியும். அனைத்தையும் நகல் எடுத்தால் உங்கள் பேக் அப் தேவையின்றி ஊதிப் போகும். எனவே ஆல் மெயில் ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். அனுப்பிய மெயில்களும் அதில் அடக்கம். அத்துடன் ஜிமெயில் செட்டிங்ஸ் பக்கத்தில் பார்வர்டிங் அண்ட் பாப்/ஐமேப் டேபைத் திறந்து, ஐமேப் போல்டரில் இத்தனை மெயில்களுக்கு மேல் காட்டாதே எனக் கட்டுப்பாடு ஏதும் உள்ளதா எனப் பார்க்கவும். இங்கு 1,000 அல்லது 2,000 எனத் தேர்வாகி இருந்தால், மீதி மெயில்கள் இருப்பதே தண்டர்பேர்டுக்குத் தெரியாது.

நகல் முடிந்ததும் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். இரு பக்கமும் தேர்ந்தெடுத்த மெயில்களின் எண் சரியாக இருக்க வேண்டும். பழைய மெயில்கள் பத்தினைத் திறந்து, இணைப்பு பைல்களும் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

வெளியே எடுத்து வைப்பது

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு நகல் இருந்தாலும் ஹார்ட் டிஸ்க் கெட்டால் இரண்டும் போகும். ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன் என்பதைத் திறந்தால், புரொபைல் போல்டர் என்ற வரியில் ஓபன் போல்டர் பட்டன் கிடைக்கும். அதைக் கிளிக் செய்தால் உங்கள் மெயில்கள் அனைத்தும் உள்ள போல்டர் எக்ஸ்ப்ளோரரில் திறக்கும். உள்ளே மெயில் என்ற போல்டரில் லோக்கல் போல்டர்ஸ் இருக்கும். ஐமேப் மெயில்கள் ஐமேப்மெயில் என்ற தனிப் போல்டரில் இருக்கும். பின் பெயர் இல்லாத பெரிய பைல்கள்தான் மெயில்கள். எம்எஸ்எப் என்ற பின் பெயருடன் இருப்பவை வெறும் பட்டியல்கள். அவை அழிந்தாலும் தண்டர்பேர்ட் மீண்டும் உருவாக்கிக் கொள்ளும்.

தண்டர்பேர்டை முழுமையாக மூடிவிட்டு, புரொபைல் போல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கிற்குக் காப்பி செய்திடவும். டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் வசதி உண்டு என்றாலும், புரொபைல் 2 ஜிபிக்குக் குறைவாக இருந்தால்தான் அது உதவும்.

இங்கே பலரைத் தடுமாற வைப்பது பென் டிரைவ். டிரைவில் 40 ஜிபி காலி இடம் இருக்கும். ஆனால் 5 ஜிபி பைலைக் காப்பி செய்தால் இடமில்லை என்பது போல மறுக்கும். காரணம், அந்த டிரைவ் பேட் 32 முறையில் பார்மட் ஆகியிருப்பதுதான். இந்த முறையில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிரைவில் உள்ளதை வேறிடத்திற்கு மாற்றிவிட்டு, எக்ஸ்பேட் அல்லது என்டிஎப்எஸ் முறையில் பார்மட் செய்திடவும்.

இன்னொரு எச்சரிக்கை. புரொபைல் போல்டரில் நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்ட்களும் இருக்கின்றன. அந்த ஹார்ட் டிஸ்க் கை மாறினால் மூன்று அக்கவுண்ட்களின் சாவியும் சேர்ந்து கை மாறும். தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் பிரைமரி பாஸ்வேர்ட் அமைத்துவிடுங்கள். டிஸ்க்கை வெராகிரிப்ட் அல்லது பிட்லாக்கர் கொண்டு பூட்டினால் இன்னும் நல்லது.

அலுவலகத்தில் அவுட்லுக் என்றால்

நிறுவனங்களில் பெரும்பாலும் மைக்ரோசாப்ட் அவுட்லுக்தான். கிளாசிக் அவுட்லுக்கில் பைல் மெனு, ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட், இம்போர்ட்/எக்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் டு எ பைல், அவுட்லுக் டேட்டா பைல் என வரிசையாகச் செல்லவும். அக்கவுண்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து, உள் போல்டர்களையும் சேர்க்கும் கட்டத்தில் டிக் அடித்தால், பிஎஸ்டி பைல் ஒன்று கிடைக்கும்.

செய்யும் முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாப்ட் 365 அக்கவுண்ட்களில், கடைசி 12 மாத மெயில்களை மட்டும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும்படி அவுட்லுக் அமைந்திருப்பது சாதாரணம். அந்த நிலையில் எக்ஸ்போர்ட் செய்தால் அந்த 12 மாதம்தான் பிஎஸ்டியில் வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. வேலை வெற்றிகரமாக முடிந்தது போலவே தோன்றும். அக்கவுண்ட் செட்டிங்ஸ் சென்று, உங்கள் அக்கவுண்டில் சேஞ்ச் கொடுத்தால், எத்தனை மாத மெயில் என்பதைக் காட்டும் ஸ்லைடர் கிடைக்கும். அதை ஆல் வரை இழுத்து, அவுட்லுக்கை மூடித் திறந்து, அனைத்தும் இறங்கும் வரை காத்திருந்து, பின் எக்ஸ்போர்ட் செய்யவும்.

ஓஎஸ்டி என்ற பைலை நகல் எடுத்து வைத்துக் கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. ஓஎஸ்டி அந்த அக்கவுண்டுடன் பிணைக்கப்பட்டது. அக்கவுண்ட் மூடப்பட்ட பின் வேறு கம்ப்யூட்டரில் அவுட்லுக் அதைத் திறக்காது. பிஎஸ்டிதான் தனியே திறக்கும். பிஎஸ்டியின் அளவும் கவனிக்கத்தக்கது. அவுட்லுக் 2002 வரையிலான பழைய வடிவில் 2 ஜிபிதான் எல்லை. அதைத் தொட்டதும் பைல் கெட்டுப் போவது அன்று அடிக்கடி நடந்தது. 2010 பதிப்பிலிருந்து 50 ஜிபி வரை இடம் உண்டு. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு பைலாகப் பிரிப்பதே என் வழக்கம். ஒரு பைல் கெட்டால் ஓர் ஆண்டு மட்டும்தான் ஆபத்தில் இருக்கும்.

யாருடைய மெயில்?

இது கம்ப்யூட்டர் விஷயம் அல்ல, ஆனால் சொல்லியாக வேண்டும். அலுவலகம் தந்த அக்கவுண்டில் உள்ள மெயில்கள் அலுவலகத்திற்குச் சொந்தமானவை. வேலையை விட்டு விலகும் முன் முழு அக்கவுண்டையும் பிஎஸ்டி ஆக்கி வீட்டுக்கு எடுத்துச் செல்வது, வாடிக்கையாளர் விபரங்களை எடுத்துச் சென்றதாகக் கருதப்படலாம். உங்கள் சம்பளச் சீட்டு, பார்ம் 16, பிஎப் விபரம், நியமனக் கடிதம் போன்றவற்றைத் தனியே எடுத்துக் கொள்ளுங்கள். வேறு ஏதும் தேவை என்றால் நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். திருப்பூர் நண்பரின் மூன்றாவது அக்கவுண்டையும் இதனால்தான் பேக் அப்பில் சேர்க்கவில்லை. அந்த நிறுவனத்தைக் கேட்டபோது, தாங்களே பேக் அப் எடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

நீங்களே சிறு நிறுவனம் நடத்துபவர் என்றால் மறு பக்கத்தையும் பாருங்கள். பணியாளர் விலகியதும் அவருடைய அக்கவுண்டை நீக்கினால், மைக்ரோசாப்ட் 365 அதை 30 நாட்கள் வரைதான் மீட்டுத் தரும். கூகுள் ஒர்க்ஸ்பேஸில் 20 நாட்கள்தான். ஜிஎஸ்டி சட்டத்தின்படி கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கெடு முடிந்த தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். உங்கள் பில்கள் அந்தப் பணியாளரின் மெயிலில்தான் வந்து கொண்டிருந்தன என்றால், நீக்கும் பட்டனை அழுத்தும் முன் யோசியுங்கள்.

மறைந்த மெயில்கள் என்ன ஆயின?

சர்வரில் ஒரு மெயில் அழிந்தால், தண்டர்பேர்ட் தன் பட்டியலிலிருந்து அதை நீக்குகிறது. ஆனால் எம்பாக்ஸ் பைலில் எழுத்துகள் உடனே அழிவதில்லை. காம்பாக்ட் எனப்படும் சுருக்கும் வேலை நடக்கும் வரை அவை உள்ளேயே கிடக்கும். நண்பர் அதற்குள் புரோகிராமை மூடியிருந்தார். ஐமேப்மெயில் போல்டரில் இருந்த இன்பாக்ஸ் பைலை மட்டும், அதன் எம்எஸ்எப் பட்டியல் இல்லாமல், வேறு பெயரில் லோக்கல் போல்டர்ஸ் இருக்கும் இடத்தில் காப்பி செய்தோம். நெட் இல்லாமலேயே தண்டர்பேர்டைத் திறந்தோம். புதிய போல்டராக அது வந்து நின்றது; பட்டியல் இல்லாததால் பைலை முதலிலிருந்து படித்து, மறைந்த மெயில்களில் பெரும்பாலானவற்றைக் காட்டியது. பைலில் முழுமையாக இறங்காமல் இருந்த சில மட்டும் கிடைக்கவில்லை. இது அதிர்ஷ்டம் இருந்தால் பலிக்கும் வழி. இதை நம்பி எதையும் அழிக்க வேண்டாம்.

இதே வழி பேக் அப்பைச் சோதிக்கவும் உதவும். வேறொரு கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் இன்ஸ்டால் செய்து, வெளி டிஸ்க்கில் உள்ள ஓர் ஆண்டு பைலை அதன் லோக்கல் போல்டர்ஸ் இடத்தில் காப்பி செய்து திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக் அப்பை நான் பேக் அப் கணக்கில் சேர்ப்பதில்லை.

கூகுள் டேக்அவுட்

ஜிமெயிலுக்கு மட்டும் இன்னொரு எளிய வழி இருக்கிறது. கூகுள் டேக்அவுட் பக்கத்தில் அனைத்துத் தேர்வுகளையும் நீக்கிவிட்டு, மெயில் என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால், எம்பாக்ஸ் பைலாகத் தயாரித்து லிங்க் அனுப்புவார்கள். அந்த லிங்க் சுமார் ஒரு வாரம்தான் இயங்கும். இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை என ஓராண்டுக்குத் தானாக நடக்கும்படியும் அமைக்கலாம். நிறுவன அக்கவுண்ட்களில் நிர்வாகி இதைத் தடுத்திருக்கக்கூடும். மற்ற அக்கவுண்ட்களை ஜிமெயிலுக்குள் இழுத்து வந்து, அதையே பேக் அப்பாக நினைப்பவர்கள் கவனிக்கவும்: வேறு நிறுவன அக்கவுண்ட்களின் மெயிலை பாப் முறையில் ஜிமெயில் எடுத்து வரும் வசதியை 2026ல் நிறுத்துவதாக கூகுள் அறிவித்தது. மேலும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிபிதான்.

பழைய சிடியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் டிபிஎக்ஸ் பைல்கள் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கலாம். எக்ஸ்பி இயங்கும் கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால், அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அவற்றைத் திறந்து, மெயில்களைத் தேர்ந்தெடுத்து, டெஸ்க்டாப்பில் உள்ள ஒரு போல்டருக்குள் இழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு மெயிலும் இஎம்எல் பைலாக மாறும். அவற்றைப் பென் டிரைவில் கொண்டு வந்து, புதிய கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டின் லோக்கல் போல்டருக்குள் அப்படியே இழுத்துவிடலாம்.